குருத்தணு: ஸ்டெம் செல்லுக்குத் தமிழில் ஒரு நல்ல பெயர்

பெங்களூரு அல்சூரில் எங்கள் பக்கத்து வீட்டு அக்காவுக்கு முட்டி வலி. கார்ட்டிலேஜ் தேய்ந்துவிட்டது என்றாராம் டாக்டர். ஸ்டெம் செல் வைத்துச் சரிசெய்ய முடியுமா என்று தேடிக்கொண்டிருந்த அக்காவின் மகள், "மாமா, கன்னடத்துல மிருத்வஸ்தின்னு படிச்சேன். தமிழ்ல என்ன?" என்று கேட்டாள்.

கார்ட்டிலேஜ், குருத்தெலும்பு. ஸ்டெம் செல், அதாவது வேறு வகை உயிரணுக்களாக வளரக்கூடிய உயிரணு, குருத்தணு. இரண்டிலும் இருப்பது ஒரே குருத்து.

குருத்து என்பது இன்னும் விரியாத இளம் இலை. வாழையின் நடுவில் சுருண்டு நிற்பது அதுதான். குருத்தோலை ஞாயிறன்று சிவாஜிநகர் பசிலிக்காவில் நம்மவர்கள் கையில் ஏந்துவதும் அதுதான். குருத்தெலும்பில் அந்தச் சொல் மென்மையைக் குறிக்கிறது. குருத்தணுவிலோ, எதுவாக வளரும் என்று இன்னும் முடிவாகாத நிலையை.

ஆங்கிலச் சொல்லுக்கு மூலம் ஜெர்மன். 1868இல் உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கெல், எல்லா உயிர்களுக்கும் முன்னோடியான ஓரணு உயிரை 'ஷ்டாம்ட்ஸெல்லே' என்றார். 'ஷ்டாம்' என்றால் அடிமரம், வம்சம் என்றும் பொருள். 'தண்டணு' என்று பெயர்த்தால் அந்த வம்சம் விடுபட்டுப்போகிறது. தண்டுவடத்து அணுவோ என்ற குழப்பமும் வரும். 'மூல உயிரணு' பொருளில் சரிதான். ஆனால் மருத்துவமனையில் மூலம் என்றதும் வேறு நோய் நினைவுக்கு வருகிறதே! எனக்குக் குருத்தணுதான் பிடித்திருக்கிறது.

அப்புறம் அவள் இன்னொன்றுக்கும் தமிழ் கேட்டாள்: 'சிமுலேட்டட் மைக்ரோகிராவிட்டி', அதாவது விண்வெளியில்போல ஈர்ப்பு தெரியாத நிலையைப் பூமியிலேயே உண்டாக்குவது. குருத்தெலும்பில் இரத்தக் குழாய் கிடையாது, அதனால் தானாக ஆறுவது கடினம். வெளியே வளர்க்கலாம் என்றால், தட்டையான தட்டில் அதன் அணுக்களும் தட்டையாகித் தம் இயல்பை இழக்கின்றன. அதனால்தான் எலும்பு மஜ்ஜையில் எடுத்த குருத்தணுக்களை ஊட்டத் திரவம் நிறைந்த உருளையில் இட்டு மெல்லச் சுழற்றிப் பார்க்கிறார்கள். அவை விழுந்துகொண்டே இருக்கும், அடியைத் தொடாது. ஒன்றோடொன்று ஒட்டி உருண்டையாகத் திரளும். இங்கே ஈர்ப்பு குறையவே இல்லை. திசை மாறிக்கொண்டே இருப்பதால் அணுவுக்கு மேல் எது, கீழ் எது என்று தெரிவதில்லை, அவ்வளவுதான். ஆகவே 'சிமுலேட்டட்' என்பதற்குப் 'போலி' என்பதைவிடப் 'பாவனை' பொருத்தம்: 'பாவனை நுண்ணீர்ப்பு'.

உருண்டை திரண்டால் போதாது, அது வலுவாகவும் இருக்க வேண்டும். கன்றுக்குட்டியின் குருத்தெலும்பு அணுக்களைப் பூமியில் 3 மாதம் வளர்த்து, பிறகு மீர் விண்வெளி நிலையத்தில் 4 மாதம் வைத்திருந்தார்கள். 1997இல் வெளியான முடிவு: பூமியிலேயே வளர்ந்ததைவிட அது சிறியது, வலுவும் குறைவு. முட்டிக் குருத்தெலும்பு உறுதியாக இருப்பதற்குப் பாரமும் வேண்டும்.