குடல் புற்றுநோய்ச் சிகிச்சையில் வயிற்று உபாதை: பொறுத்துக்கொண்டிருக்காமல் சொல்லுங்கள்

பெருங்குடலிலோ மலக்குடலிலோ புற்றுநோய் என்று முடிவாகி வருகிறவர்களிடம் வயிற்றுத் தொந்தரவு எப்போது தொடங்கியது என்று கேட்டால், பலர் மாதக்கணக்கில்தான் சொல்வார்கள். இரத்தம் போனால் மூலம், வயிறு ஊதினால் வாய்வு, எரிந்தால் உடம்புச் சூடு. வீட்டில் பெருங்காயம், வேர்க்கொம்புக் கோப்பி, அதற்கும் கேட்காவிட்டால் பேதி மருந்து. புற்றுநோய்ப் பிரிவில் தாதியாக வேலை செய்யும் எனக்குப் பெரிய கவலை, நோய் தெரிந்த பிறகும் இந்தப் பழக்கம் மாறுவதில்லை என்பதுதான். சிகிச்சை என்றால் இப்படித்தான் இருக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுகிறார்கள். இல்லாவிட்டால் தாங்களாகவே எதையாவது குடித்துவிடுகிறார்கள். ஆனால் ஒரே வயிற்றோட்டத்துக்கு, ஒரே மலச்சிக்கலுக்கு, சிகிச்சையின் ஒவ்வொரு கட்டத்திலும் வேறு வேறு காரணம் இருக்கலாம். காரணம் மாறினால் மருந்தும் மாற வேண்டும்.

சிகிச்சை தொடங்குவதற்கு முந்தைய நாட்களை முதலில் பார்ப்போம். அப்போது தொந்தரவு தருவது பெரும்பாலும் கட்டிதான். மலக்குடலில் கட்டி இருந்தால், போய் வந்த பிறகும் இன்னும் போக வேண்டும் போலவே இருக்கும். போய் இருந்தால் சளியும் கொஞ்சம் இரத்தமும் மட்டும் வரும். மேலே பெருங்குடலில் கட்டி இருந்து குடல் ஒடுங்கினால், கட்டியான மலம் தேங்கி நிற்க, நீர் மட்டும் இடுக்கால் வழிந்து வரலாம். வெளிப்பார்வைக்கு அது வயிற்றோட்டம். உள்ளே இருப்பது அடைப்பு. இந்த நிலையில் வயிற்றோட்டத்தை நிறுத்தும் குளிசை போட்டாலும் ஆபத்து, வயிற்றைச் சுத்தம் செய்கிறேன் என்று பேதி குடித்தாலும் ஆபத்து. வயிறு விறைத்து ஊதி, விட்டு விட்டு முறுக்கி வலித்து, காற்றுக்கூடப் பிரியாமல், சத்தியும் எடுத்தால் அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்கக் கூடாது. இலங்கையில் 1990 இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும், காசு கட்டத் தேவையில்லை. இரவு என்றாலும் யோசிக்க வேண்டாம்.

சாப்பாட்டிலும் இங்கே ஒரு விஷயம் தலைகீழாகிறது. நார்ச்சத்து நல்லது, கீரை சாப்பிடுங்கள் என்று எல்லோருக்கும் சொல்கிறோம். குடல் ஒடுங்கி இருக்கிறவருக்கு அது பொருந்தாது. பனங்கிழங்கு, ஒடியல் பிட்டு, முருங்கையிலை வறை, பலாக்கொட்டை, தேங்காய்ப்பூ கூடப் போட்ட பிட்டு இவையெல்லாம் ஒடுங்கிய இடத்தில் போய்ச் சிக்கலாம். அந்தக் கொஞ்ச நாட்களுக்கு நன்றாகக் குழைந்த வெள்ளைச் சோறு, இடியப்பம், முட்டை, முள் நீக்கிய மீன், தோல் நீக்கி அவித்த கரட், உருளைக்கிழங்கு போதும். உங்களுக்கு ஒடுக்கம் இருக்கிறதா இல்லையா என்பதை உங்கள் வைத்தியரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எல்லோருக்கும் இந்தக் கட்டுப்பாடு தேவையில்லை.

இரத்தம் குறைந்திருப்பதால் சிலருக்கு இரும்புச்சத்துக் குளிசை தருவோம். அது மலத்தைக் கறுப்பாக்கும், கொஞ்சம் மலச்சிக்கலும் தரும். அதற்குப் பயப்பட வேண்டாம். தார் மாதிரி ஒட்டிக்கொண்டு கடும் நாற்றத்தோடு கறுப்பாகப் போனால் அது வேறு. உடனே காட்ட வேண்டும்.

அப்புறம் கதிர்ச்சிகிச்சை. மலக்குடல் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சைக்கு முன்பே இதைக் கொடுப்பது வழக்கம். பலருக்குத் திங்கள் முதல் வெள்ளி வரை 5 வாரங்களுக்கு மேல் நீளும், சிலருக்கு 5 நாளில் முடியும். நீண்ட சிகிச்சையில் முதல் வாரம் ஒன்றும் தெரியாது. எனக்கு ஒன்றும் செய்யவில்லை என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போகிறவர், இரண்டாம் மூன்றாம் வாரத்தில் அடிக்கடி வெளிக்குப் போகிறது, எரிகிறது என்று சோர்ந்து வருவார். குடலின் உட்தோல் வெயிலில் எரிந்த தோல் போலச் சிவந்து புண்பட்டிருக்கும். சிகிச்சை முடிந்த பிறகும் ஒன்றிரண்டு வாரம் கூடிவிட்டுத்தான் மெல்ல மெல்ல அடங்கும். அதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் மனம் உடையாது. ஆசனவாயைச் சுற்றி எரிவு இருந்தால் இளஞ்சூட்டு வெந்நீரில் 10 நிமிடம் இருங்கள், பிறகு மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். தண்ணீரில் டெட்டோல் விடுகிற பழக்கம் எங்கள் ஊரில் நிறைய வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து விட வேண்டாம், புண் இன்னும் கூடும். பவுடரோ களிம்போ பூசும் முன் எங்களைக் கேளுங்கள்.

தீவுப் பகுதியிலிருந்து வருகிற வயதான ஒரு அம்மா. படகில் குறிகட்டுவானுக்கு வந்து, அங்கிருந்து பஸ் ஏறி யாழ்ப்பாணம் வந்து, இன்னொரு பஸ் எடுத்துத் தெல்லிப்பழை கிளினிக்குக்கு வர வேண்டும். வந்து கதிரையில் இருந்தபோது உதடு வெடித்து, நாக்கு வறண்டு, எழும்பினால் தலை சுற்றியது. காலையிலிருந்து என்ன குடித்தீர்கள் அம்மா என்று கேட்டேன். "ஒண்டும் இல்லைப் பிள்ளை. குடிச்சா வழியில வெளிக்குப் போக வேண்டி வருமெண்டு பயம்" என்றார். அவருக்கு ஏற்கெனவே வயிற்றோட்டம். போகிற நீரும் நின்றபாடில்லை, உள்ளே வருகிற நீரும் இல்லை. இப்படித்தான் பலர் வருகிறார்கள், தூரத்திலிருந்து வருகிறவர்கள்தான் கூட. குடிக்காமல் இருந்தால் வயிற்றோட்டம் நிற்காது, சிறுநீரகம்தான் பாதிக்கப்படும். பயணத்துக்கு மாற்றுடுப்பு, ஒரு பொலித்தீன் பை, பெரியவர்களுக்கான பம்பர்ஸ் கொண்டுவருவதில் எந்த வெட்கமும் இல்லை. தூரத்திலிருந்து வருகிறேன் என்று சொன்னால் நேரத்தை மாற்ற முடியுமா, தங்கிச் சிகிச்சை எடுக்க முடியுமா என்று நாங்களும் பார்ப்போம்.

வயிற்றோட்டத்துக்கு, உப்பும் சர்க்கரையும் சேர்ந்த ஜீவனித் தூளை மிஞ்சியது இல்லை. ஒரு பைக்கற்றை முழுதாக ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து, 24 மணித்தியாலத்தில் மிஞ்சியதை ஊற்றிவிடுங்கள். பாதிப் பைக்கற், அரைக் கிளாஸ் என்று கண் அளவில் கரைக்க வேண்டாம். உப்புப் போட்ட கஞ்சித் தண்ணியும் நல்லது. பால்தேத்தண்ணியை மட்டும் கொஞ்ச நாள் விடுங்கள். குடல் புண்பட்டிருக்கும்போது பாலில் உள்ள சர்க்கரை சமிபாடடையாமல் ஓட்டத்தைக் கூட்டும். அங்கர் பால்மா கரைத்துக் கொடுத்தால் தெம்பு வரும் என்று பிள்ளைகள் ஆசையாகக் கொடுப்பார்கள், அந்த அன்புக்கு முன்னால் இதைச் சொல்வது எனக்குக் கஷ்டம்தான். தயிர் பலருக்கு ஒத்துக்கொள்ளும். மிளகாய்த்தூள் போட்ட கறியைக் குறைத்து, ஐதான சொதியோடு சோறு கொடுங்கள்.

கீமோவில் மாத்திரையாகக் கொடுக்கப்படும் கபெசிற்றபீனை, சாப்பிட்டு முடித்து அரை மணித்தியாலத்துக்குள் தண்ணீரோடு போட வேண்டும். ஒரு நாளில் வழமையை விட 4 தடவையோ அதற்கு மேலோ கூடப் போனாலோ, இரவில் நித்திரையை விட்டு எழும்பிப் போக வேண்டி வந்தாலோ, அடுத்த குளிசையைப் போடாமல் எங்களுக்கு அறிவியுங்கள். மருந்தை விட்டால் நோய் கூடிவிடும் என்று பயந்து விடாமல் போடுகிறவர்கள்தான் இங்கே அதிகம். இரண்டொரு நாள் இடைவெளியால் வரும் நட்டத்தை விட, ஓட்டத்தோடு தொடர்ந்து போடுவதால் வரும் ஆபத்து பெரிது. ஒக்சாலிபிளாற்றின் என்ற கீமோ மருந்தை நரம்பில் ஏற்றுகிறவர்கள், பிரிட்ஜில் இருந்து எடுத்த தண்ணீரையோ இளநீரையோ ஏற்றிய பிறகு வரும் சில நாட்களுக்குத் தொடவே வேண்டாம். தொண்டை இறுகி மூச்சு அடைப்பது போல இருக்கும். காய்ச்சல் 38 பாகை செல்சியஸைத் தாண்டினால், வயிற்றோட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பனடோல் போட்டுப் பார்ப்போம் என்று இருக்காமல் உடனே வைத்தியசாலைக்கு வாருங்கள்.

ஓங்காளத்துக்குத் தருகிற ஒண்டன்செற்றன் மலத்தை இறுக்கும். வலிக்குத் தருகிற மோர்பின், டிரமடோல், கொடீன் எல்லாமே இறுக்கும். அதனால் மோர்பினோடு மலமிளக்கியும் சேர்த்துத் தருவோம். மலச்சிக்கல் வந்த பிறகு குடிப்போம் என்று அதைப் போத்தலோடு ஒதுக்கி வைக்காதீர்கள்.

சத்திரசிகிச்சையில் சிறுகுடலின் ஒரு பகுதியை வயிற்றுத் தோலுக்கு வெளியே கொண்டுவந்து, மலம் சேரப் பை வைத்தவர்களுக்கு நீர் கூடப் போகும். பை அடிக்கடி நிறைந்து, சிறுநீர் குறைந்து, கெண்டைக்கால் இழுத்தால் வெறும் தண்ணீரை நிறையக் குடிப்பது தீர்வல்ல, அது இன்னும் வெளியே போகும். ஜீவனி குடித்துக்கொண்டே எங்களிடம் வாருங்கள்.

நல்லூர்த் திருவிழாக் காலத்திலும் கந்தசஷ்டியிலும் விரதம் பற்றிக் கேட்பார்கள். கீமோ நடக்கும்போது உபவாசம் இருப்பது உடம்புக்குத் தாங்காது. மரக்கறிச் சாப்பாட்டோடு, நேரத்துக்குச் சாப்பிட்டு, தண்ணீர் குடித்து விரதம் இருக்கலாம்.

கிளினிக்குக்கு வரும்போது ஒரு கொப்பியில் எத்தனை தடவை போனது, இரவில் எழும்பினீர்களா, நீராகவா கட்டியாகவா, இரத்தம் இருந்ததா என்று எழுதி வாருங்கள். வைத்தியரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாதவர் அதை நீட்டினால் போதும், எழுத முடியாதவருக்குப் பேரப்பிள்ளை எழுதித் தரட்டும். போடுகிற குளிசை மட்டைகளையும் கொண்டுவாருங்கள். பரியாரியிடம் வாங்கிய கசாயப் போத்தல் இருந்தால் அதையும் பையில் போடுங்கள். நாங்கள் ஏச மாட்டோம்.