லீவு கேட்டதற்குச் சாட்சி ஒரு துண்டுச் சீட்டு

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை பார்த்த ஒரு அக்கா, 2025இல் புதிய தொழிலாளர் சட்டம் வருவதற்கு முன்பு, கணக்கு முடித்த தாளோடு என்னிடம் வந்தார். பதினோரு வருட வேலை. தாளில் கடைசி மாதச் சம்பளம் மட்டும்தான் இருந்தது. எடுக்காத லீவுக்கான சம்பளம் என்று ஒரு வரிகூட இல்லை.

கூடவே ஒரு பள்ளிக்கூட நோட்டு. வேலைக்குப் போன நாளுக்கெல்லாம் கோடு போட்டு வைத்திருந்தார். தன் அக்கா மகள் சீருக்கு நான்கு நாள் லீவு கேட்டிருக்கிறார். "ஷிப்மென்ட் போற நேரத்துல லீவாம்மா?" என்றாராம் சூப்பர்வைசர். போனதற்குச் சம்பளம் பிடித்துவிட்டார்கள். அவருக்கு உரிய லீவு அப்போதும் கணக்கில் இருந்தது.

அப்போதிருந்த 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டப்படி, ஒரு வருடத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தால், 20 நாளுக்கு ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்பு. 280 நாள் என்றால் 14 நாள். நடுவில் வரும் ஞாயிறும் பண்டிகை விடுமுறையும் அதில் கழியாது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்த 240ஐ 180 ஆகக் குறைத்திருக்கிறது. சீசனுக்கு மட்டும் வேலை கிடைப்பவர்களுக்கு இது பெரிய விஷயம். பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு லீவு கிடையாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அவரும் தொழிலாளிதான். கடை, ஆபீஸ் என்றால் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947. தொடர்ந்து ஒரு வருடம் வேலை பார்த்தவருக்கு 12 நாள்.

எடுக்காத லீவு அடுத்த வருடத்துக்குப் போகும், ஆனால் 30 நாள் வரைதான். பலருக்கும் இதுவரை தெரியும். முறைப்படி விண்ணப்பித்து, நிர்வாகம் மறுத்த லீவுக்கு இந்த 30 நாள் வரம்பே கிடையாது என்பதுதான் தெரிவதில்லை. பழைய சட்டத்திலும் இப்படித்தான், புதியதிலும் இப்படித்தான்.

அந்த அக்கா விஷயத்தில் நிர்வாகம் கேட்டது ஒரே கேள்வி: "லீவு கேட்டதற்கு ஆதாரம் எங்கே?" எல்லாம் வாய்வார்த்தை. சேர்ந்திருந்த 30 நாளுக்கும் கடைசி வருட லீவுக்கும் பணம் வாங்கிக் கொடுக்க முடிந்தது. மற்ற வருடங்களில் மறுக்கப்பட்டதெல்லாம் போனது போனதுதான். அந்த நோட்டை மூடிக் கொடுத்தபோது எனக்கு மனசு ஆறவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், எழுதிக் கொடுங்கள். பெயர், டோக்கன் நம்பர், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, கீழே கையெழுத்து, அவ்வளவு போதும். பதினைந்து நாள் முன்பே கொடுங்கள். இன்னொரு பிரதியில் 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்து வாங்குங்கள். போட மறுத்தால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வையுங்கள். வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தால் அந்தப் பதிலை அழித்துவிடாதீர்கள்.

அந்த அக்கா இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறார். போன மாதம் தானே எழுதிய விண்ணப்பத்தைப் போட்டோ எடுத்து, "சரியா இருக்குங்களா சார்?" என்று அனுப்பியிருந்தார். எழுதிய தேதி மட்டும் விட்டுப்போயிருந்தது. அதைச் சேர்க்கச் சொன்னேன்.