சுழலும் பரிசலும் நேரே பாயும் படகும்

ஒகேனக்கல்லில் பரிசல் ஏறிய எவருக்கும் ஒரு நினைவு பொதுவாக இருக்கும். காவிரி பாறைச் சுவர்களுக்கு நடுவே சற்று அடங்கி ஓடும் இடம் வந்ததும், பரிசல்காரர் துடுப்பை ஒரே பக்கத்தில் நாலைந்து முறை வேகமாக வலிப்பார். பரிசல் நின்ற இடத்திலேயே பம்பரம்போலச் சுழலும். குழந்தைகள் கூச்சலிடுவார்கள், பெரியவர்கள் விளிம்பை இறுகப் பற்றிக்கொள்வார்கள். பென்னாகரத்துப் பிள்ளைகளுக்கு இது பழகிய விளையாட்டு. அந்தச் சுழற்சிக்குள் இயற்பியலின் அழகான கேள்வி ஒன்று இருக்கிறது. ஆசிய விளையாட்டுப் போட்டியிலும் ஒலிம்பிக்கிலும் நடைபெறும் துடுப்புப் படகுப் போட்டியில், எண்மர் படகில் அமர்ந்திருக்கும் ஒவ்வொருவரும் ஒரே ஒரு துடுப்பைத்தான் பிடித்திருக்கிறார்; அதையும் ஒரே பக்கத்தில்தான் வலிக்கிறார். அப்படியிருக்க, அந்தப் படகு சுழலாமல், நூல் பிடித்தாற்போல 2000 மீட்டரை ஐந்தரை நிமிடத்தில் கடப்பது எப்படி?

பரிசலின் வடிவத்திலிருந்தே தொடங்கலாம். மூங்கிலை வட்டமாகப் பின்னி, முற்காலத்தில் தோலும் இக்காலத்தில் நெகிழித் தாளும் போர்த்தி, நீர் புகாதபடி தார் பூசிச் செய்யப்படும் பரிசலுக்கு முன்பக்கம் என்றும் பின்பக்கம் என்றும் எதுவும் இல்லை. அகன்ற தட்டையான அடிப்பாகத்தில் எடை பரவுவதால் அது மிகக் குறைந்த ஆழத்திலேயே மிதக்கிறது. நீருக்கடியில் பாறைகள் ஒளிந்திருக்கும் ஒகேனக்கல்லுக்கு இதைவிடப் பொருத்தமான கலம் வேறொன்று இருக்க முடியாது என்பது என் உறுதியான கருத்து. ஆனால் வட்ட வடிவத்துக்கு ஒரு விலை உண்டு. எந்தத் திசையில் தள்ளினாலும் நீர் அதனை ஒரே அளவில் எதிர்க்கிறது. சுழற்றினாலோ ஏறக்குறைய எதிர்ப்பதே இல்லை. எனவே மையத்தை விட்டு விலகிய இடத்தில் விசை செயல்பட்டவுடன், சுழலச் செய்யும் திருப்புத்திறன் பிறந்து, பரிசல் முன்னே செல்வதற்குப் பதிலாகச் சுற்றத் தொடங்குகிறது. பரிசல்காரர் இதனை நன்கு அறிந்தவர். ஆகையால் அவர் முன்னோக்கி அமர்ந்து, துடுப்பைத் தமக்கு நேர் முன்னே நீரில் இறக்கித் தம்மை நோக்கி இழுக்கிறார். அவ்வாறு இழுக்கும்போது விசையின் கோடு பரிசலின் மையத்தின் வழியாகச் செல்கிறது.

போட்டிப் படகு எல்லா வகையிலும் பரிசலுக்கு எதிரான வடிவம் கொண்டது. ஒருவர் மட்டும் இரு துடுப்புகளுடன் செலுத்தும் ஒற்றையர் படகு ஏறத்தாழ 8 மீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டருக்குள் அடங்கும் அகலமும் உடையது. அதன் எடை 14 கிலோகிராமுக்குக் குறையக் கூடாது என்பது விதி. நம் வீட்டுச் சமையல் எரிவாயு உருளையில் நிரப்பப்படும் வாயுவின் எடையும் அவ்வளவுதான். எண்மர் படகு 17 மீட்டருக்கும் மேல் நீண்டது. அதன் குறைந்தபட்ச எடை 96 கிலோகிராம். இத்தகைய ஊசி போன்ற படகைத் திருப்ப வேண்டுமானால் அதன் நீளம் முழுவதிலும் உள்ள நீரைப் பக்கவாட்டில் தள்ளியாக வேண்டும். அந்த எதிர்ப்பே படகைத் தன் திசையில் வைத்திருக்கிறது.

இனித் துடுப்பைப் பார்ப்போம். துடுப்பு தண்ணீரைப் பின்னால் தள்ளுகிறது, அதனால் படகு முன்னால் போகிறது என்று பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறோம். நியூட்டனின் மூன்றாம் விதிப்படி அது சரியே. ஆயினும் நேரில் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. நல்ல படகாளரின் துடுப்பலகு நீரில் எந்த இடத்தில் இறங்குகிறதோ, ஏறத்தாழ அந்த இடத்திலிருந்தே வெளியே வருகிறது. பாறையில் கழியை ஊன்றிக்கொண்டு பரிசலை நகர்த்துவதுபோல, படகாளர் நீரில் அலகை ஊன்றி, அந்த ஊன்றிய இடத்தைக் கடந்து படகை இழுத்துச் செல்கிறார். நீர் பாறையன்று, அலகு சிறிது வழுக்கவே செய்யும். அப்படி வழுக்கும்போது நீருக்குள் வீணாகும் ஆற்றலைக் குறைப்பதற்காகவே அலகு அகலமாக அமைக்கப்படுகிறது. 1990-களின் தொடக்கத்தில் வந்த கோடரி வடிவ அலகு, பழைய இலை வடிவ அலகுகளைச் சில ஆண்டுகளுக்குள் போட்டிகளிலிருந்து விரட்டிவிட்டது.

துடுப்பு எந்த வகை நெம்புகோல் என்று மாணவர் கேட்பதுண்டு. படகுக்குள் அமர்ந்திருப்பவருக்கு, துடுப்பைத் தாங்கும் வளையமே ஆதாரப்புள்ளி. தம் கை ஒரு பக்கம் நகர, அலகு மறுபக்கம் நகர்வதை அவர் காண்கிறார். கரையில் நிற்பவருக்கோ அலகு அசையாமல் நிற்கிறது, தாங்கி முன்னே செல்கிறது. ஆகவே அவருக்கு ஆதாரப்புள்ளி நீருக்குள் இருக்கிறது. இரண்டும் சரியே. பார்ப்பவர் நிற்கும் இடத்தைப் பொறுத்துக் கணக்கு மாறினாலும் விடை மாறாது என்பதற்கு இதைவிட எளிய எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. அந்தத் தாங்கி படகின் விளிம்பில் இல்லாமல், வெளியே நீட்டிய உலோகக் கைகளின் நுனியில் இருப்பதற்கும் காரணம் உண்டு. படகு குறுகலாக இருக்க வேண்டும். துடுப்பின் உட்பகுதியோ கை வலிமை பயன்படும் அளவுக்கு நீளமாக இருக்க வேண்டும். வெளியே நீண்ட கைகள் இவ்விரண்டையும் ஒருங்கே தருகின்றன.

இந்த விளையாட்டில் என்னை மிகவும் வியக்கவைப்பது நகரும் இருக்கை. படகாளர் பின்னோக்கி அமர்ந்து, கால்களைப் படகோடு பிணைத்த காலணிகளில் நுழைத்து, தண்டவாளம் போன்ற இரு கம்பிகளின் மேல் உருளும் இருக்கையில் முன்னும் பின்னும் சறுக்குகிறார். இதனால் வலிப்பு என்பது கைகளின் வேலையாக நில்லாமல், உடலிலேயே வலிமை மிக்க தொடைத் தசைகளின் வேலையாகிறது. அதனோடு விசித்திரமான ஒரு விளைவும் ஏற்படுகிறது. ஒற்றையர் படகில் அமர்ந்திருப்பவர் 90 கிலோகிராம் எடையுள்ளவர் என்று கொள்வோம். படகின் எடை 14 கிலோகிராம். வலித்து முடித்து, அடுத்த வலிப்புக்காக அவர் படகின் பின்முனை நோக்கிச் சறுக்கும்போது, தம் கால்களால் படகை முன்னே இழுத்துக்கொள்கிறார். தம்மைவிட ஆறு மடங்கு இலேசான படகு சட்டென்று முன்னே பாய்கிறது. ஆகவே படகின் வேகம் உச்சத்தைத் தொடும் கணத்தில் துடுப்பு நீரிலேயே இருப்பதில்லை. அலகு காற்றில் திரும்பி வரும் நேரத்தில்தான் படகு மிக வேகமாக ஓடுகிறது. அடுத்த வலிப்பின் தொடக்கத்தில், அவர் கால்களை ஊன்றி உந்தும்போது, வேகம் மிகக் கீழே இறங்குகிறது.

இந்த ஏற்ற இறக்கம் படகாளருக்கு நட்டம். நீரின் எதிர்ப்பு ஏறத்தாழ வேகத்தின் இருமடிக்கு ஏற்பவும், அதனை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்பவும் உயர்கிறது. எளிமைக்காகச் சற்று மிகைப்படுத்திய ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். விநாடிக்கு 5 மீட்டர் என்ற சீரான வேகத்துக்கு மும்மடி 125. பாதி நேரம் 4 மீட்டரும் பாதி நேரம் 6 மீட்டருமாக ஓடினால் சராசரி வேகம் அதே 5 தான்; ஆனால் 64, 216 ஆகிய இரு மும்மடிகளின் சராசரி 140. அதே தூரத்துக்கு 12 விழுக்காடு ஆற்றல் கூடுதலாகச் செலவாகிறது. திரும்பி வரும்போது நிதானமாகச் சறுக்குங்கள் என்று பயிற்சியாளர்கள் ஓயாமல் சொல்வதன் காரணம் இதுவே. இந்த நட்டத்தை வேரோடு தவிர்க்க ஒருமுறை வழி காணப்பட்டது: இருக்கையை நிலையாக வைத்து, இலேசான தாங்கிக் கைகளையும் காலணிகளையும் நகரவிட்டார்கள். அத்தகைய படகில் மேற்கு ஜெர்மனியின் பீட்டர் மைக்கேல் கோல்பே 1981-இல் உலகப் பட்டம் வென்றார். அதன் ஆதாயம் அவ்வளவு வெளிப்படையாக இருந்ததால், 1983-க்குப் பின் அந்த அமைப்பே தடைசெய்யப்பட்டது.

எண்மர் படகு ஒற்றையர் படகைவிட எவ்வளவு வேகமாகச் செல்லும்? எட்டுப் பேரின் ஆற்றல் இருந்தாலும் எட்டுப் பேரின் எடையும் இருக்கிறது. 1971-இல் தாமஸ் மக்மஹோன் என்ற அமெரிக்க அறிவியலாளர் இதற்கு விடை கண்டார். அவர் வழியைப் பள்ளிக் கணிதத்தைக் கொண்டே பின்பற்றலாம். ஆட்கள் எட்டு மடங்கானால், படகு விலக்கும் நீரின் கன அளவும் எட்டு மடங்காகிறது. வடிவம் மாறாமல் கன அளவு எட்டு மடங்காகும்போது, நீளமும் அகலமும் ஆழமும் இரண்டிரண்டு மடங்காகின்றன; நீரில் நனையும் பரப்போ நான்கு மடங்குதான் ஆகிறது. எதிர்ப்பின் பெரும்பகுதி இந்த நனைந்த பரப்பின் உராய்விலிருந்தே வருகிறது. எட்டு மடங்கு திறனை நான்கு மடங்கு பரப்பு பகிர்ந்துகொள்ள, வேகத்தின் மும்மடி இரண்டு மடங்காகிறது. அதாவது வேகம் 1.26 மடங்காகிறது. 2017-இல் போலந்தின் போஸ்னான் நகரில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் ஜெர்மனியின் எண்மர் படகு 5 நிமிடம் 18.68 விநாடியில் 2000 மீட்டரைக் கடந்தது; அங்கேயே நியூசிலாந்தின் ராபி மேன்சன் ஒற்றையர் படகில் 6 நிமிடம் 30.74 விநாடியில் கடந்தார். இவற்றின் விகிதம் ஏறத்தாழ 1.23. எண்மர் படகில் துடுப்பு வலிக்காமல் திசை காட்டி அமர்ந்திருக்கும் ஒன்பதாவது ஆளின் எடையையும் நினைவில் கொண்டால், இந்த ஒற்றுமை இன்னும் மனநிறைவு தருகிறது.

இப்போது சுழற்சிக்குத் திரும்புவோம். நால்வர் படகில் ஒருவர் வலப்புறமும் அடுத்தவர் இடப்புறமுமாக மாறி மாறி வலித்தால் இருபுறமும் விசை சமம்தானே, படகு நேராகத்தானே செல்ல வேண்டும் என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு துடுப்பும் படகைச் சிறிதளவு பக்கவாட்டிலும் தள்ளுகிறது. வலிப்பின் முற்பாதியில் உள்நோக்கியும் பிற்பாதியில் வெளிநோக்கியும். இப்பக்க விசைகளின் திருப்புத்திறன், வலிப்பவர் படகின் நீளத்தில் எங்கே அமர்ந்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது. பின்முனையிலிருந்து நால்வரும் 1, 2, 3, 4 என்ற தொலைவுகளில் இருப்பதாகக் கொள்ளுங்கள். ஒருபுறம் வலிப்பவரின் தொலைவைக் கூட்டி, மறுபுறம் வலிப்பவரின் தொலைவைக் கழிப்போம். மாறி மாறி அமர்ந்தால் 1−2+3−4 என்பது −2 ஆகிறது. ஒவ்வொரு வலிப்பிலும் படகின் மூக்கு ஒருபுறமும் மறுபுறமும் ஆடுகிறது. முதலாமவரும் நான்காமவரும் ஒருபுறம், நடுவில் இருவரும் மறுபுறம் என அமர்ந்தால் 1−2−3+4 என்பது சுழியம். ஆட்டம் நீங்குகிறது. படகாளர் இதனை இத்தாலிய அமைப்பு என்று அழைக்கின்றனர். எண்மர் படகுக்கு இவ்வாறு ஆட்டமற்ற அமைப்புகள் நான்கே உள்ளன என்று 2009-இல் கணிதவியலாளர் ஜான் பாரோ காட்டினார். 1 முதல் 8 வரையிலான எண்களை, கூட்டல் நான்கும் கழித்தல் நான்கும் இட்டுச் சுழியமாக்கும் இந்தப் புதிரை வகுப்பறையில் கொடுத்துப் பாருங்கள், பிள்ளைகள் விடமாட்டார்கள்.

படகு இருந்தால் போதாது, அதற்கேற்ற நீரும் வேண்டும். 13.5 மீட்டர் அகலமுள்ள ஆறு தடங்கள், 2000 மீட்டர் நேர்கோடு, தடங்கள் அனைத்திலும் குறைந்தது 3 மீட்டர் சீரான ஆழம் என்பன விதிகள். ஆழத்துக்கு ஏன் இவ்வளவு கவனம்? ஆழமற்ற நீரில் அலையின் வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு. 3 மீட்டர் ஆழத்தில் அது விநாடிக்கு ஏறத்தாழ 5.4 மீட்டர். போட்டிப் படகின் வேகமும் அதற்கு அருகிலேயே இருப்பதால், தன் அலையைத் தானே முட்டித் தள்ளும் நிலை படகுக்கு வருகிறது. ஒரு தடம் மேடாகவும் மற்றொன்று பள்ளமாகவும் இருந்தால் பந்தயம் நியாயமாக இராது. இந்தியாவில் 1982-இல் ஆசிய விளையாட்டுப் போட்டியின் துடுப்புப் படகுப் பந்தயங்கள் ஜெய்ப்பூருக்கு அருகே ராம்கர் ஏரியில் நடந்தன; பிற்காலத்தில் அந்த ஏரி வறண்டுபோனது. தென்பெண்ணையின் குறுக்கே 52 அடி உயரத்துக்கு நீர் தேக்கும் நம் கிருஷ்ணகிரி அணையைக் கோடையில் பார்த்தவர்களுக்கு அந்த ஏரியின் கதை அந்நியமாகத் தோன்றாது.

வறட்சிக்கும் இந்த விளையாட்டுக்கும் இந்தியாவில் வேறொரு தொடர்பும் உண்டு. 2010-இல் குவாங்சோ ஆசியப் போட்டியில் இத்துறையில் நாட்டின் முதல் தங்கத்தை வென்ற பஜ்ரங் லால் தாக்கர், ராஜஸ்தானில் பிறந்தவர். 2018-இல் பலெம்பாங்கில் தங்கம் வென்ற நால்வர் குழுவில் இருந்த தத்து போகனல், நாசிக் மாவட்டத்தின் நீரற்ற சிற்றூரில் பிறந்து கிணறு வெட்டும் வேலை செய்தவர். இராணுவத்தில் சேர்ந்த பின்னரே துடுப்பைப் பிடித்தார். ஆறு, ஏழு நிமிடம் உடல் முழுவதையும் வருத்தும் உழைப்புக்கு, நுரையீரலும் தொடையும் மனமும் போதிய அளவு உரம் பெற்றிருக்க வேண்டும். நீரை ஒருவர் பிறகும் பழகிக்கொள்ளலாம். நிலக்கடலைக் காட்டிலும் கிணற்று மேட்டிலும் வளர்ந்த எங்கள் மாணவர்களை நினைக்கும்போது, இந்தச் செய்தி எனக்குப் பெரும் நம்பிக்கை தருகிறது.

காலை வேளையில் கிருஷ்ணகிரி அணையின் கரையில் நின்றால், மீன் பிடிப்பவர்களின் பரிசல்கள் அசைவற்ற நீரில் செல்வதைக் காணலாம். பரிசலைப் பார்ப்பதோடு அது கடந்துபோன நீரையும் பாருங்கள். துடுப்பு வெளியேறிய ஒவ்வோர் இடத்திலும் ஒரு சிறு சுழி மிஞ்சும். அடுத்த சுழி அதனை ஏறக்குறைய ஒட்டியே விழும். இனி ஆசியப் போட்டியின் ஒற்றையர் பந்தயக் காட்சி ஒன்றில் அதே சுழிகளைத் தேடுங்கள். 2000 மீட்டரை 400 விநாடியில், நிமிடத்துக்கு 36 வலிப்புகளாகக் கடப்பவர் மொத்தம் 240 முறை வலிக்கிறார். இரு சுழிகளுக்கு நடுவே 8 மீட்டருக்கும் மேற்பட்ட கலங்காத நீர், படகின் முழு நீள அளவுக்கு விரிந்து கிடக்கும்.