மலை முழுதும் தெளிய, எறும்பு மங்குவதேன்?

பயணங்களில் எடுத்த படங்களில் காலடிக் கல் முதல் தொலைதூர மலைவரை எல்லாம் தெளிவாக இருந்தன என்றும், அதே கேமராவில் மிக நெருக்கத்தில் படமெடுக்க உதவும் மேக்ரோ லென்ஸைப் பொருத்தித் தோட்டத்துப் பூச்சிகளைப் படமெடுக்கத் தொடங்கியபின் பூச்சியின் கண் தெளிந்தால் அதன் கால் மங்குகிறது என்றும் ஒரு வாசகர் எழுதியிருந்தார். லென்ஸில் குறை இருக்குமோ என்பது அவர் ஐயம். குறை ஏதுமில்லை, லென்ஸ் சமன்பாடு செய்யும் வேலைதான் அது.

பொருளின் தொலைவு, பிம்பத்தின் தொலைவு, குவியத் தொலைவு ஆகிய மூன்றையும் இணைக்கும் அந்தச் சமன்பாட்டைப் பள்ளியில் எல்லோரும் படித்திருக்கிறோம். அதில் எண்களை இட்டுப் பார்த்தால் எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை. 100 மி.மீ. குவியத் தொலைவுள்ள லென்ஸின் முன் 100 மீட்டர் தொலைவில் நிற்கும் மரத்தின் பிம்பம் லென்ஸுக்குப் பின்னே ஏறத்தாழ 100.1 மி.மீ. தொலைவில் விழுகிறது, 50 மீட்டரில் நிற்கும் மரத்தின் பிம்பம் 100.2 மி.மீ. தொலைவில் விழுகிறது. வெளியே 50 மீட்டர் இடைவெளி, உள்ளே வெறும் 0.1 மி.மீ. இப்போது அதே லென்ஸை ஓர் எறும்புக்கு 200 மி.மீ. வரை நெருக்குவோம். பிம்பமும் 200 மி.மீ. பின்னால் விழுந்து, எறும்பு தன் உண்மை அளவிலேயே சென்சாரில், அதாவது கேமராவுக்குள் படத்தைப் பதியும் தட்டையான சில்லில், பதிகிறது. எறும்பு 1 மி.மீ. முன்னே நகர்ந்தால் பிம்பமும் ஏறத்தாழ 1 மி.மீ. பின்னே நகர்ந்துவிடும். அதாவது, எறும்பின் ஒரு சிற்றடி, ஐம்பது மீட்டர் நடையைவிடப் பத்து மடங்கு அதிகமாகப் பிம்பத்தைத் தள்ளுகிறது. படத்தில் ஒரு பொருளின் உயரம் எத்தனை மடங்கு சிறுக்கிறதோ, அதன் முன்பின் ஆழம் ஏறத்தாழ அதன் வர்க்க மடங்கு சிறுக்கும் என்பதே இதன் அடிப்படை. தொலைவுக் காட்சியில் ஆழம் முழுதும் ஒரே தளமாக நசுங்கிவிடுகிறது. நெருக்கத்தில் அது நசுங்க மறுக்கிறது, அதனால் தட்டையான சென்சாரில் ஒரு பகுதி தெளிந்தால் மற்றது மங்குகிறது.

36 மி.மீ. அகலச் சென்சாரில் 0.03 மி.மீ. விட்டத்துக்குள் அடங்கும் மங்கலைக் கண் பொறுத்துக்கொள்ளும் என்பது வழக்கமான கணக்கு. அதன்படி 24 மி.மீ. லென்ஸின் அபெர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் துளையை, எஃப் 8 அளவில் வைத்து (எண் கூடக்கூடத் துளை சிறுக்கும்) 2.4 மீட்டரில் ஃபோகஸ் செய்தால், 1.2 மீட்டரிலிருந்து முடிவிலிவரை எல்லாம் தெளியும். உண்மை அளவு மேக்ரோ படத்தில் அதே எஃப் 8 தரும் தெளிவின் ஆழம், அதாவது தெளிவாகத் தெரியும் முன்பின் இடைவெளி, ஏறத்தாழ 1 மி.மீ. மட்டுமே.

அபெர்ச்சரை இன்னும் சுருக்கினால் என்ன என்று தோன்றும். அங்கே ஒளியின் அலைத்தன்மை குறுக்கிடுகிறது. உண்மை அளவுப் படத்தில் எஃப் 16 என்று வைத்தது, லென்ஸ் முன்னே நீள்வதால், எஃப் 32 போலவே செயல்படும். சிறு துளை வழியே வரும் ஒளி பரவும் விளிம்பு விளைவால், பச்சை ஒளியில் ஒவ்வொரு புள்ளியும் 0.04 மி.மீ.க்கும் சற்றே பெரிய வட்டாகப் பரவிவிடும். ஆழம் கூடும், நுணுக்கம் தேயும். வெளிச்சமும் கால் பங்காகக் குறைவதால்தான் ஃபிளாஷ் தேவைப்படுகிறது.

ஆகவே ஃபோகஸைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒளி-இருள் மாறுபாடு கூர்மையாக உள்ள பகுதிகளை மென்பொருளால் இணைக்கிறார்கள். இதுவே ஃபோகஸ் ஸ்டாக்கிங். பூச்சி அசையக்கூடாது என்பதே இதன் நிபந்தனை. அதற்காகப் பூச்சியைக் குளிர்பெட்டியில் வைத்து மரக்கச் செய்வோர் உண்டு. ஒரு படத்துக்காக உயிரை வதைப்பது எனக்கு உடன்பாடில்லை. பூச்சிகள் தாமே மந்தமாக இருக்கும் குளிர்ந்த அதிகாலை போதும். ஸ்டாக்கிங் இயலாதபோது, வண்ணத்துப்பூச்சியின் விரிந்த இறகும் சென்சாரும் இணையாக இருக்கும்படி கேமராவைத் திருப்பிக்கொண்டால், கிடைக்கும் அந்த ஒரு மில்லிமீட்டருக்குள் இறகு பெரும்பாலும் அடங்கிவிடும்.