பிரவுன்ஃபீல்டுன்னா என்ன, தமிழ்ல அதை எப்படிச் சொல்றது

கடலூர் ரோட்டுல மூடிக்கிடக்கிற ஏஎஃப்டி பஞ்சாலை மில் இடத்துல அடுத்து என்ன வரணும்னு புதுச்சேரியில பேச்சு வந்தா, படிச்சவங்க யாராவது ஒருத்தர் "அது பிரவுன்ஃபீல்டு சைட்டுங்க"ன்னு சொல்லிடுவாங்க. தமிழ்ல எழுதுறவங்க சிலர் அதை அப்படியே "பழுப்பு நிலம்"னு போட்டுடுறாங்க. நம்ம பக்கத்துல பழுப்புன்னாலே நெய்வேலிதான், பழுப்பு நிலக்கரி தோண்டப் போறாங்களோன்னு தான் நினைப்பு ஓடும்.

விஷயம் இதுதான்: முன்னாடி ஆலை, டிப்போ, கிடங்கு, துறைமுகம்னு ஏதோ ஒண்ணு ஓடி இப்ப நின்னுபோன இடம், கரண்ட் தண்ணி ரோடு எல்லாம் ஏற்கெனவே வாசல்ல இருக்கு, ஆனா மண்ணுக்குள்ள என்ன கிடக்குதுங்கிற சந்தேகத்தால திரும்பக் கட்ட யோசிக்கிறாங்க. அமெரிக்காக்காரங்க 2002-ல போட்ட சட்டத்துல இந்தச் சந்தேகத்தைத்தான் பிடிச்சுக்கிட்டாங்க, விஷம் இருக்குன்னு நிரூபணம் ஆகணும்னு இல்ல, இருக்கலாம்ங்கிற பயம் மறுபயன்பாட்டைச் சிக்கலாக்கினாலே போதும். விஷக்கழிவு கிடக்கிற இடங்களைச் சுத்தம் பண்ண அங்க 1980-ல வந்த சூப்பர்ஃபண்ட் சட்டம் நிலத்தை வாங்கினவன் தலையிலயும் சுத்தம் பண்ற செலவைக் கட்டினதால பழைய ஆலை இடத்தை எவனும் தொடவே மாட்டேன்னுட்டான், அந்த முடிச்சை அவிழ்க்கத்தான் 90-கள்ல இந்தச் சொல்லு அங்க சூடுபிடிச்சது. இங்கிலாந்துல கணக்கே வேற, அங்க ஏற்கெனவே கட்டடம் இருந்த நிலம்னாலே பிரவுன்ஃபீல்டு, விஷம் இருக்கணும்னு இல்ல, 1998-ல அவங்க அரசாங்கம் புது வீடுகள்ல 60 சதவீதம் இந்த மாதிரி நிலத்துலதான் வரணும்னு இலக்கு வெச்சதும் இந்தக் கணக்குலதான்.

கலர் எங்கேர்ந்து வந்துச்சுன்னா, கிரீன்ஃபீல்டுக்கு எதிர்ப்பதமா. செங்கல்லே படாத பச்சை வயல் ஒரு பக்கம், அழுக்கேறின மண்ணு இன்னொரு பக்கம். இந்தக் கலர் விளையாட்டாலதான் நம்மூர்ல குழப்பமே, பரந்தூர்ல "பசுமை விமான நிலையம்"னு எழுதினதும் மரம் வெச்சு சோலார் போட்டுக் கட்டப்போறாங்கன்னு நினைச்சவங்க உண்டு, ஏரியும் வயலுமா இருக்கிற புது இடத்துல கட்டுறதுன்னு தான் அதுக்கு அர்த்தம். நம்ம நாட்டு பிசினஸ் பேச்சுல பிரவுன்ஃபீல்டுன்னா இன்னும் வேற, ஓடிக்கிட்டிருக்கிற ஃபேக்டரியையோ ஏர்போர்ட்டையோ பெருசாக்குறது. அதுக்கு விரிவாக்கம்னு சொன்னா முடிஞ்சது, அதை இதோட சேர்த்துக் குழப்பிக்க வேணாம்.

சரி, தமிழ்ல என்ன? புதுச்சேரிக்காரங்களுக்கு ஒரு வசதி, பிரெஞ்சுல இதை ஃப்ரீஷ் அந்துஸ்திரியெல்னு சொல்றாங்க, ஃப்ரீஷ்னா உழாம போட்ட நிலம், அதாவது தரிசு. பிரான்ஸ்ல நாந்த் நகரத்துல கப்பல் கட்டுற தளம் 1987-ல மூடினப்போ கிடந்ததும் ஃப்ரீஷ்தான், இப்ப அது குடியிருப்பும் பார்க்கும் மஞ்ச கிரேனுமா ஊரோட ஒரு பகுதி. கிரேனை இடிக்கலங்கிறது எனக்குப் பிடிச்ச விஷயம்.

தரிசுங்கிறதை நம்மாளுங்க வெறும் பாழ்னு நினைச்சுக்கிறோம், ஆனா சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கம் விவசாயிகிட்ட கேட்டுப் பாருங்க. சம்பா அறுக்க ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போதே, கதிர் நிக்கிற வயல்ல மண்ணு மெழுகு பதத்துல இருக்கிறப்ப உளுந்தைக் கைவிதைப்பா தெளிச்சிடுவாங்க, உழவு கிடையாது, மிச்சமிருக்கிற ஈரமும் பனியும்தான் அதுக்குத் தண்ணி. இதுக்குப் பேரே நெல் தரிசு உளுந்து. ஒரு வெள்ளாமை முடிஞ்சு அடுத்ததுக்குக் காத்திருக்கிற நிலமும் தரிசுதான். கரம்புன்னு சொன்னா அந்த அர்த்தம் வராது, அது இறுகிப்போன நிலம்.

அதனால என் ஓட்டு "ஆலைத்தரிசு"க்கு. துறைமுகக் கிடங்குன்னா துறைத்தரிசுன்னு மாத்திக்கலாம். "கைவிடப்பட்ட தொழிற்துறை நிலம்"னு நீட்டி எழுதுறவங்க எழுதட்டும், வாயில நுழையாது. ஜனங்க பாட்டுக்கு "ஏஎஃப்டி திடல்"னு சொல்லிட்டுப் போறாங்க, 2024-ல புது பஸ் ஸ்டாண்ட் வேலை நடந்தப்போ பஸ்ஸையெல்லாம் தற்காலிகமா அங்கதான் கொண்டுபோய் விட்டாங்க. ஆனா திடல்னு சொன்னா அங்க மில் ஓடினதே மறந்துபோகுது. 1898-ல ரோடியர் மில்லா ஆரம்பிச்சது, 2011 டிசம்பர்ல தானே புயல்ல அடிவாங்கி, 2020 ஏப்ரல் 30-ஓட மூடிட்டாங்க. அதே ரோட்டுல சவானா மில், பின்னாடி சுதேசி மில்னு ஆனது. 1936 ஜூலை 30 பிரெஞ்சு ஆட்சி துப்பாக்கிச்சூட்டுல பஞ்சாலைத் தொழிலாளிங்க 12 பேர் செத்தது இந்த மில்லுத் தொழிலாளிங்க நடத்தின போராட்டத்துலதான்.

தரிசைத் திரும்ப வெள்ளாமைக்குக் கொண்டுவர்றதுக்கு மீட்புன்னு சொல்லலாம், ஆலைத்தரிசு மீட்பு. முதல்ல பழைய வரைபடம் எடுத்து சாயப்பட்டறை எங்க, பாய்லர் சாம்பல் எங்க கொட்டினாங்க, டிரான்ஸ்ஃபார்மர் எங்க நின்னுச்சுன்னு பாக்கணும், அப்புறம் துளை போட்டு மண்ணும் நிலத்தடி நீரும் சோதிக்கணும், ஆஸ்பெஸ்டாஸ் கூரையைத் தூள் பறக்காம இறக்கணும். எந்த அளவுக்குச் சுத்தம்ங்கிறதுதான் பெரிய சண்டை. கொடைக்கானல்ல 2001-ல மூடின தெர்மாமீட்டர் ஃபேக்டரி மண்ணுல கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் வரைக்கும் விடலாம்னு சொன்னதை ஊர்க்காரங்க வருஷக்கணக்கா எதிர்த்தாங்க.

நிலம் யாருக்குப் போகுதுங்கிறது அடுத்த சண்டை. மும்பையில 1991 விதிப்படி மில் நிலத்தை மாநகராட்சிக்கு, வீட்டு வாரியத்துக்கு, முதலாளிக்குன்னு மூணா பிரிக்கணும், 2001-ல அதைத் திருத்தி, கட்டடம் இல்லாத காலி இடத்தை மட்டும்தான் பிரிக்கணும்னாங்க, பொதுவுக்கு வரவேண்டிய பங்கு சுருங்கிப்போச்சு, 2006-ல உச்ச நீதிமன்றமும் அது செல்லும்னு சொல்லிட்டுது. மாலும் டவரும் வந்துச்சு, வேலை போன தொழிலாளி குடும்பங்க வீட்டுக்கு லாட்டரி குலுக்கலுக்குக் காத்திருந்தாங்க. இதையும் மீட்புன்னு எழுதலாமான்னு கேட்டா நான் மாட்டேன், நிலம் கைமாறினதுன்னு தான் எழுதுவேன்.

இன்னொண்ணு, கடலூர் குடிகாடு பக்கம் சிப்காட் தொழிற்பேட்டையையும் சிலர் பிரவுன்ஃபீல்டுங்கிறாங்க. அங்க ஆலைங்க ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. ஓடுற இடத்துல மண்ணும் தண்ணியும் கெட்டா அதுக்கு மாசுநிலம்னு பேரு, ஆலைத்தரிசு இல்ல.