தாவும் சிலந்திக்கு ஃப்ரிட்ஜ் வேண்டாம்

படம் எடுக்கும்போது அசையக்கூடாது என்று சிலர் சிலந்தியை ஃப்ரிட்ஜில் வைத்து மரத்துப்போக வைக்கிறார்கள். அப்படி எடுத்த படத்தைக் கண்டுபிடிக்க, பெரும்பாலும் சிலந்தியின் கால்களைப் பார்த்தாலே போதும். சிலந்திக்குக் காலை மடக்கத் தசை உண்டு. ஆனால் முக்கியமான மூட்டுகளில் நீட்டுவதற்குத் தசை கிடையாது. உடம்புக்குள் இருக்கும் திரவத்தின் அழுத்தத்தால்தான் கால் நீள்கிறது. தாவும் சிலந்தி தன் நீளத்தைப்போலப் பல மடங்கு எம்பிப் பாய்வதும் அதே அழுத்தத்தில்தான். அழுத்தம் போனால் கால்கள் உள்பக்கம் சுருளும். செத்த சிலந்தி கால் சுருட்டிக் கிடப்பது அதனால்தான். குளிரில் மரத்துப்போனதும் பாதி அப்படித்தான் இருக்கும். உடம்பு இலையில் அப்பிக்கொண்டு, கால்கள் அரைகுறையாக மடிந்து கிடக்கும்.

கோத்தகிரியில் மேக்ரோ போட்டோகிராபி, அதாவது சின்ன உயிர்களைக் கிட்டத்தில் பெரிதாகப் படம் எடுக்கும் வகுப்பு எடுக்கிறேன். பழகிய பிறகு யாராவது ஒருவர் குரலைத் தாழ்த்திக் கேட்பார்: "அண்ணா, கொஞ்ச நேரம் ஃப்ரிட்ஜில வெச்சா அசையாதாமே?" அசையாதுதான். அப்புறம் எதைப் படம் எடுப்பது?

இந்தச் சிலந்தியின் அழகே அது நம்மைப் பார்ப்பதில் இருக்கிறது. மொத்தம் எட்டுக் கண்கள். பக்கவாட்டுக் கண்கள் அசைவைக் கவனிக்கும்; ஏதாவது அசைந்தால் சட்டென்று திரும்பி, முகத்தின் நடுவில் இருக்கும் இரண்டு பெரிய கண்களால் உற்றுப்பார்க்கும். அந்த இரண்டும் உள்ளே நீளமான குழாய்கள். வெளியே தெரியும் லென்ஸ் நகராது, குழாயின் அடியில் இருக்கும் விழித்திரைதான் நகரும். நேராக நம்மைப் பார்க்கும்போது கண் கன்னங்கரேலென்று இருக்கும். பார்வை விலகினால் அதே கண் வெளிர் நிறத்துக்கு மாறும். கேமராவின் வியூஃபைண்டரில் இதை ஒருமுறை பார்த்துவிட்டால் ஃப்ரிட்ஜ் யோசனை தானாகவே போய்விடும்.

நீலகிரியில் குளிருக்கு ஃப்ரிட்ஜ் தேவையும் இல்லை. இவை பகலில் வேட்டையாடுபவை. இரவில் இலை மடிப்பிலோ சுவர் இடுக்கிலோ நூலால் ஒரு பை நெய்து உள்ளே தங்கும். பனி விலகி, வெயில் வேலியில் விழுகிற நேரத்தில் வெளியே வந்து வெயில் காயும். அப்போது அவசரப்படாத சிலந்தி நிறையக் கிடைக்கும். உங்கள் நிழல் அதன்மேல் விழக்கூடாது, அது ஒன்றுதான் நிபந்தனை. இன்னொரு நல்ல சமயம், வாயில் ஈயோடு இருக்கும்போது. தின்று முடிக்கும்வரை பெரும்பாலும் இடத்தைவிட்டு நகராது.

டெக்னிக் சங்கதி கொஞ்சம்தான். ஒன்றுக்கு ஒன்று உருப்பெருக்கத்தில் (சென்சாரில் சிலந்தி அதன் நிஜ அளவிலேயே விழும்போது) லென்ஸ் துளையை எஃப் 11 அளவுக்குச் சுருக்கி வைத்தாலும் ஃபோகஸில் நிற்பது ஒரு மில்லிமீட்டரை ஒட்டித்தான். ஆகவே கண்ணைக் குறிவையுங்கள், கால் மங்கினால் மங்கட்டும். ஃபோகஸ் ஸ்டாக்கிங்குக்காக (ஃபோகஸைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி எடுத்த படங்களை ஒன்றாக இணைப்பதற்காக) ஐம்பது ஃப்ரேம் வேண்டும் என்ற ஆசைதான் பலரை ஃப்ரிட்ஜ் பக்கம் தள்ளுகிறது. ஃப்ரிட்ஜில் வைக்காத சிலந்திக்கு, கேமராவைக் கையில் பிடித்தபடி நாலைந்து ஃப்ரேம் கிடைத்தால் தாராளம். ஃப்ளாஷுக்கு முன்னால் அகலமாக ஒரு பட்டர் பேப்பர் கட்டுங்கள். இல்லாவிட்டால் அந்தப் பெரிய கண்களில் சுள்ளென்று வெள்ளைப் புள்ளி விழும். மொபைலில் மாட்டும் கிளிப் லென்ஸ்கூடத் தொடக்கத்துக்குப் போதும்.

தலையில் பனித்துளி உட்கார்ந்த சிலந்திப் படங்கள் இணையத்தில் ஏராளம். அவற்றில் கணிசமானவை ஸ்ப்ரே பாட்டில் உபயம். சிலர் துளி உருளாமல் நிற்கக் கிளிசரின் கலக்கிறார்கள். சிலந்தி மூச்சு விடும் துளைகள் வயிற்றின் அடியில் இருக்கின்றன. தண்ணீராவது காய்ந்துவிடும், கிளிசரின் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டே இருக்கும். குன்னூர் மூடுபனி இலவசமாகத் தருவதைக் காசு கொடுத்து ஏன் கெடுப்பது?

முன்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு நின்றால், "ஹாய் சொல்கிறது" என்று தலைப்பு வைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அது "கிட்டே வராதே". கண்ணாடியில் தெரியும் தன் பிம்பத்தையே எதிராளி என்று நினைத்து மிரட்டுவதும் உண்டு, உங்கள் லென்ஸ் முகப்பும் அதற்குக் கண்ணாடிதான். அரை அடி பின்வாங்குங்கள், காலை இறக்கிவிடும்.

நூலால் ஒட்டிய இலை மடிப்பைப் பிரித்துப் பார்ப்பதை நான் அனுமதிப்பதே இல்லை. உள்ளே முட்டைக்குக் காவலாகத் தாய் இருக்கலாம், அல்லது தோலுரிக்கும் சிலந்தி இருக்கலாம். உரித்த புதிதில் உடம்பு மெத்தென்று இருக்கும். எறும்பு வந்தால் தப்ப முடியாது.

தேயிலைத் தோட்டத்துக்குள் போவதானால் உரிமையாளரிடமோ மேஸ்திரியிடமோ கேட்டுவிட்டுப் போங்கள். சோலைக்காடு என்றால் வனத்துறை அனுமதி. கொழுந்து பறிக்கும் அக்காக்கள் சொல்வதைக் காதில் வாங்குங்கள். "தம்பி, அந்தப் பக்கம் நேத்துதான் மருந்து அடிச்சாங்க" என்றால் அன்றைக்கு அந்தப் பக்கம் உங்களுக்கும் ஆகாது, அங்கே சிலந்தியும் மிஞ்சியிருக்காது. அதைவிட முக்கியம், கோத்தகிரி, குன்னூர்ச் சரிவுகளில் பட்டப்பகலில் காட்டெருமை மேயும், கரடியும் வரும். வியூஃபைண்டரில் கண்ணை ஒட்டிவைத்தவருக்குப் பத்தடி தூரத்தில் நிற்பதுகூடத் தெரியாது. ஒருவர் படம் எடுத்தால் இன்னொருவர் சுற்றிலும் பார்க்க வேண்டும். தனியாக வருகிறவர்களை நான் சரிவில் இறக்குவதில்லை. வகுப்புக்குப் பின்னால் இருக்கும் காம்பவுண்ட் சுவரிலேயே ஈ பிடிக்கும் சாம்பல் நிறச் சிலந்திகள் வேண்டிய மட்டும் இருக்கின்றன.