கேரட் பருக்கிறது, பூண்டு வேர் ஏன் நூலாகவே நிற்கிறது?

கொடைக்கானல் மலையில் மன்னவனூர்ப் பக்கம் இருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "ஒரே மண், ஒரே எரு, ஒரே தண்ணீர். கேரட் வேர் நல்லா பருக்குது, பக்கத்துப் பாத்தியில மலைப்பூண்டுக்கு நூல் நூலாத்தான் வேர் இறங்குது. உரம் பத்தலையா?"

உரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கேரட் இருவித்திலை (விதைக்குள் இரண்டு விதையிலைகள்), பூண்டு ஒருவித்திலை (ஒரே விதையிலை). விடை வேருக்குள்ளேயே இருக்கிறது.

பள்ளியில் படித்ததுதான்: வெளியே வேர்த்தூவிகள், அடுத்து புறணி, அதன் உள் எல்லையாக அகத்தோல், அதை ஒட்டி உள்ளே பெரிசைக்கிள் என்ற செல் அடுக்கு, நடுவே நீரை ஏற்றும் சைலமும் உணவைக் கொண்டுவரும் ஃபுளோயமும். இந்த வரிசை இரண்டுக்கும் பொது. குறுக்கே வெட்டிப் பார்த்தால், இருவித்திலை வேரில் சைலத்துக்குப் பொதுவாக இரண்டு முதல் நான்கு முனைகள். மக்காச்சோளம் போன்ற ஒருவித்திலை வேரில் ஆறுக்கு மேல், நடுவில் பித்து எனும் மென்மையான திசுவும் உண்டு. தேர்வுக்கு இது போதும். எனக்குப் பிடித்தது இதற்குப் பிறகு நடப்பது.

இளம் கேரட் வேரில் சைலம் இரண்டு முனைகளோடு ஒரு கோடாகக் கிடக்கும், அதன் இருபுறமும் ஃபுளோயம். இந்த இரண்டுக்கும் இடையில் உள்ள செல்கள் திடீரென்று மறுபடி பிரிந்து பெருகத் தொடங்கும். அதுதான் கேம்பியம். முதலில் இரண்டு துண்டுகள்தான்; பிறகு சைலத்தின் முனைகளுக்கு வெளியே இருக்கும் பெரிசைக்கிள் செல்களும் சேர்ந்துகொள்ள, நீண்டு ஒடுங்கிய ஒரு வளையம் உருவாகும். ஃபுளோயத்தை ஒட்டிய பகுதி முன்னதாகவே வேலையைத் தொடங்கிவிட்டதால் அங்கே உள்பக்கம் சைலம் அதிகம் சேர்ந்து வளையத்தை வெளியே தள்ளும், தள்ளத் தள்ள அது தானாகவே வட்டமாகிவிடும். யாரும் அளந்து வைக்காமலே வட்டம்! அப்புறம் அந்த வட்டம் உள்ளே சைலமும் வெளியே ஃபுளோயமுமாகச் சேர்த்துக்கொண்டே போகும். பழைய புறணியும் அகத்தோலும் இந்த அழுத்தத்தில் கிழிந்து உதிர்ந்துவிடும்.

ஒரு கேரட்டைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். நடுவில் வெளிறிய வட்டம் சைலம், சுற்றிலும் அடர்ந்த ஆரஞ்சு நிறத்தில் ஃபுளோயம், இரண்டுக்கும் நடுவே மெல்லிய கோடாகத் தெரிவது கேம்பியம் இருக்கும் இடம். பள்ளிகளில் வேர்ப் படத்தை மனப்பாடம் செய்யச் சொல்கிறோம், ஒரு கேரட்டும் கத்தியும் கொடுப்பதில்லை. இது எனக்கு நிஜமாகவே வருத்தம்.

பூண்டு வேரில் இந்தக் கேம்பியம் வருவதே இல்லை. ஒருவித்திலைகளில் அரிதான சில தவிர எல்லாவற்றுக்கும் இதே கதைதான். ஆக, பிறந்த பருமனிலேயே வேர் நிற்கும், அதன் அகத்தோலும் உதிராமல் கடைசிவரை கூடவே இருக்கும். பல ஒருவித்திலைகளில் அகத்தோல் செல்களின் சுவர்கள் நன்றாகத் தடித்துவிடும். நீர் உள்ளே போக ஆங்காங்கே தடிக்காத வழிச்செல்கள் மட்டும் மிச்சமிருக்கும். ஒரு வேரைப் பருக்க வைக்க முடியாததால் பூண்டு அடித்தட்டிலிருந்து நிறைய வேர்களை விடுகிறது. சேமிப்பையும் வேரில் வைப்பதில்லை. நாம் உரிக்கும் பூண்டுப்பல் தடித்த இலைதான்.

கிழங்குப் பயிரைக் கீழ்நோக்கு நாளில் போட்டால் வேர் பருக்கும் என்று காலண்டரைப் பார்ப்பவர்கள் மலையிலும் உண்டு. எந்த நாளில் ஊன்றினாலும் பூண்டு வேருக்குக் கேம்பியம் வராது. கேரட்டுக்கு நாள் பார்ப்பதை விட, கல் பொறுக்கி, மக்காத எருவைத் தவிர்த்து, நெருக்கமான நாற்றைக் களைவது மேல். வேர் நுனி அடிபட்டால்தான் கேரட் கவைக் கவையாகப் பிரிகிறது.

அடுத்து ஒரு பீட்ரூட்டையும் வெட்டிப் பாருங்கள். அதில் கேம்பியம் ஒன்றோடு நிற்பதில்லை, ஒன்றுக்கு வெளியே இன்னொன்றாகப் பல தோன்றும். வெட்டினால் தெரியும் வளையங்கள் அவை போட்டவைதான்.